நான்கு டிகிரி ஹேசன்

கனடாவின் மிராமிச்சி ஆற்றை ஹெலிகாப்டரிலிருந்து வெப்பக் கேமராவில் படம் பிடித்த அந்த ஜூலையில், முப்பது மைல் தண்ணீரும் மஞ்சளும் சிவப்புமாக விழ, குளிர்ச்சியின் நீலமாக விழுந்தது ஒரே ஒரு புள்ளி. அது ஹேசன் அண்டர்வுட். வயது எழுபத்தொன்று. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் பனிப்பாளம் உடைந்து ஆற்றுக்குள் போனவர், கால் மைல் தள்ளி இன்னொரு ஓட்டை வழியாக ஏறி வந்தார். டாக்டர் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது உடம்பு நான்கு டிகிரி. கருவிதான் கெட்டுவிட்டது என்று டாக்டர் அதைத் தூக்கிப் போட்டார். ஹேசன் டீ குடித்துவிட்டு மறுநாள் மரம் வெட்டப் போனார். அதற்குப் பிறகு அவர் சூடாகவே இல்லை. கோடையில் மனைவி தெல்மா வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைப்பாள், குளிர்காலத்தில் அவரை அடுத்த அறையில் படுக்க வைப்பாள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

படம் எடுக்க வந்த மீன் ஆராய்ச்சியாளர் நோரீனுக்கு இதெல்லாம் தெரியாது. தண்ணீர் இருபத்தேழு டிகிரியைத் தாண்டி, சால்மன் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கியிருந்தன. அடியில் எங்காவது குளிர்ந்த ஊற்று இருந்தால் மீன்கள் அங்கே ஒண்டிப் பிழைக்கும். அதைத் தேடித்தான் அவள் பறந்தாள். முதல் சுற்றில் நீலப் புள்ளி வளைவுக்கு மேலே இருந்தது, அடுத்த சுற்றில் கீழே. இரண்டு நாள் ஆற்றில் இறங்கி, ஊற்று எங்கே என்று வெப்பமானியை விட்டு விட்டுப் பார்த்தாள். ஹேசன் கரையில் நின்று பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் போய் மீன் பிடிக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. படித்தவர்கள் வரைபடத்தில் எங்கே நீலம் வைத்தாலும் அடுத்த வாரமே அங்கே தூண்டில் போடத் தடை வரும். நான்கு மடு அப்படிப் போயாயிற்று.

மூன்றாம் நாள் அவள் கைக்கேமராவைக் கரையில் வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தின் மேல் திருப்பினாள். பதினாறு பேர் அடுப்புத் தணல் மாதிரித் தெரிந்தார்கள். ஒருவர் மட்டும் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை நீலம். பக்கத்து வீட்டு வெண்டல் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "டேய் ஹேசன், செத்து எத்தனை நாளாச்சு? சொல்லியிருந்தா பூவாவது கொண்டாந்திருப்பேனே" என்றார்.

நோரீன் சிரிக்கவில்லை. "ஐயா, மடுவுல இறங்கிக் கொஞ்சம் நிப்பீங்களா?"

"நிப்பேன். அப்புறம் எம்மேலயே தடை போடுவீங்க."

"போடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். அவள் பொய் சொல்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

தெல்மா குறுக்கே வந்தாள். "ஏ மனுசா, மீனே இல்லாத ஆத்துல யாரை எதுக்குப் படகுல ஏத்துவே?"

ஹேசன் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிழட்டுப் பெண் மீன் வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அதன் பின்னால் பத்து, அதற்குப் பின்னால் நூறு, மடுவே கறுத்துப் போகிற அளவுக்கு! திரையில் நீலம் அவர் காலிலிருந்து மை கொட்டினது போல விரிந்து, வளைவு தாண்டி ஓடியது. கரையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குக்கூட வாயசைக்காத வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றினார். அவர் நானூற்றுப் பன்னிரண்டு மீன் வரை எண்ணி, குழம்பி, சந்தோஷமாக மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்; அன்று முழுக்க அதுதான் வேலை. சமையலறை நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டார்கள். ஒன்பது நாள் ஹேசன் அதில் உட்கார்ந்தார். தெல்மா படகில் அவித்த பீன்ஸும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தாம் நாள் இடியோடு மழை கொட்டி ஆறு குளிர்ந்ததும், மீன்கள் அவர் முழங்காலை உரசிக்கொண்டு மேலே ஏறிப் போயின. அந்த ஒன்பது நாளும் அந்த மடுவில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: ஹேசன் அண்டர்வுட் இருக்கும் இடத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் எவரும் தூண்டில் போடக் கூடாது. எவரும் என்பதில் அவரும் அடக்கம். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தூண்டில்களைத் தெல்மா கையில் கொடுத்தார். அதிலிருந்து படகு ஓட்டுவது அவள்தான். கோடையில் மீன் பிடிக்க வருகிறவர்கள், தூண்டில் வீசுவதற்கு முன் ஹேசன் எங்கே நிற்கிறார் என்று கேட்கிறார்கள். அவள் கையைக் காட்டுகிறாள். அவர்கள் எதிர்ப்பக்கமாக வீசுகிறார்கள்.