அப்பாவு ஏற்றிய விடியல்

கீழைக் கடலைத் தாண்டி வந்த காற்று சிங்கமலையின் பிடரியைக் கோதிவிட்டு இறங்க, ரோஸ் பெல் ஊரைச் சூழ்ந்த கரும்புக் காடெல்லாம் வெண்பூச் சூடி அலையலையாய்ச் சாய்ந்து நிமிர, அந்தி மஞ்சள் பூசி நின்ற மொரீசுத் தீவின் அழகை முழுதும் உரைக்கப் புகுந்தால், அன்புடைய நண்பரே, நீர் உண்ண மறப்பீர், நான் உறங்க மறப்பேன், கதை நடுவழியில் நின்றுவிடும். ஆகையால், அவ்வூரில் சிறிது கரும்பும் ஒரு மனைவியும் எண்ணிலடங்கா விளக்குகளும் உடைய அப்பாவு என்பானிடம் நேரே செல்வோம்.

ஊர்க் கூத்துகளுக்கெல்லாம் விளக்கமைப்பவன் அவன். தகரத்தை வளைத்தும், கண்ணாடிக்குச் சாயம் பூசியும், மண்ணெண்ணெய்ச் சுடரைத் தன் சொற்படி ஆட்டிவைப்பான். அவன் விளக்கைச் சற்றே தாழ்த்தினால் அரசன் வேடத்தான் முகத்தில் ஏழு தலைமுறைக் கவலை வந்து குடியேறும். சற்றே உயர்த்தினால் பல்போன கிழவனும் பருவமங்கையாகித் தன் சொந்த மனைவியையே நாணச் செய்வான். மேடையில் பறந்த கொசுவின் இமைமயிரைக் கடைசி வரிசையில் இருந்தவர்கள் எண்ணினார்கள் என்பர். நான் நம்புகிறேன், நீரும் நம்பும்.

ஆயினும் அவன் நெஞ்சுக்குள் ஓர் ஏக்கம் திரிமுனைபோல் கனன்றுகொண்டிருந்தது. ரோஸ் ஹில் நகரில் புதிதாய் எழுந்த நாடக அரங்கில், பிரான்சு நாட்டினின்று வந்த ஜான்-மார்க் என்னும் ஒளியமைப்பாளர், முன்னரே மேடைக்கு விளக்கமைத்துத் தேர்ந்தவருள் ஒருவரை மட்டும் பொறுக்கி, ஈராண்டு மேற்பயிற்சி அளிக்கப் போவதாக அறிவித்திருந்தார். அன்றுமுதல் அப்பாவு சோற்றைப் பார்த்தால் சோறு தெரியவில்லை. அதன்மேல் விழுந்த வெளிச்சமே தெரிந்தது.

"என்னை இருட்டில் விட்டுவிட்டு வெளிச்சம் படிக்கப் போகிறீராக்கும்?" என்றாள் மனைவி தைலம்மை.

"ஞாயிறுதோறும் புகைவண்டி வருமே."

"புகைவண்டி வரும். அதில் நீர் வருவீரா என்பதல்லவா கேள்வி?" என்றவள், மறுநாள் தேர்வுக்கு உடுத்த அவனது வெள்ளைச் சட்டையைத் துவைத்து, அதன் வெண்மையில் காக்கைகள் கண்கூசித் திரும்பும்படி உலர்த்தியும் வைத்தாள்.

தேர்வு இதுதான்: காட்டில் வழிதவறிய பெண்ணொருத்தி மேடையில் நிற்பாள், அவளுக்கு இரவைப் படைத்து, பின் விடியலையும் படைத்துக் காட்டவேண்டும். அரங்க விளக்குகளை ஏற்றி இறக்கும் மின்விசைக் கைப்பிடிகளின் இயல்பை முற்பகலிலேயே கற்றுக்கொண்ட அப்பாவு படைத்த இரவு, அடடா, எத்தகைய இரவு! முன்வரிசையில் இருந்தோர் பனிக்கு அஞ்சிக் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டனர். விடியற்கட்டம் வந்தது. அப்பாவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"விடியல் எங்கே?" என்றார் ஜான்-மார்க், இருளிலிருந்து.

"வரும், ஐயா."

"எப்போது?"

"கதிரவன் எழும்போது."

அவன் ஊரில் கூத்து இருட்டியபின் தொடங்கி உண்மைப் பொழுது புலரும்போதே முடியும். இறுதிக் கட்டத்தின் வெளிச்சம் கதிரவன் பொறுப்பு. அதற்கென்று விளக்கேற்றும் எண்ணம் அவனுக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அரங்கம் சிரித்த சிரிப்பில் கூரையின் ஓடுகள் இடம் மாறின. ஜான்-மார்க் சிரிக்கவில்லை.

"உன் இரவு நன்று. சில இடங்களில் நீலம் மிகுதி, அதைப் பிறகு பேசுவோம். அடுத்த ஆண்டு ஒரு விடியலோடு வா. இடம் உனக்கென்று வைத்திருப்பேன்."

அவ்வோராண்டு அப்பாவு விடியலுக்குக் காதலன் ஆனான். கரும்பு வரப்பில் அமர்ந்து, சாம்பல் எப்போது வெளுக்கிறது, எந்த இலை முதலில் தன் பச்சையை மீட்டுக்கொள்கிறது, சிவப்பு வருமுன் வந்து மறையும் பெயரற்ற நிறம் யாது என்று பார்த்துப் பார்த்துத் தேய்ந்தான். ஆண்டு நிறைந்ததும் ரோஸ் ஹில் அரங்கின் வாயிலில் சென்று நின்றான். அங்கே நுழைவுச்சீட்டு கொடுக்கும் எவெலின் அம்மையார் இரக்கத்தோடு கூறினார்: "ஜான்-மார்க் ஐயாவுக்கு நெஞ்சுநோய். போன திங்களே கப்பலேறிவிட்டார். பயிற்சியும் அவரோடு போயிற்று, அப்பனே."

அவ்வாரமே ஊரில் மாரியம்மன் கோயில் கூத்து. வெண்துணித் திரைக்குப் பின்னே தன் விளக்குகளையெல்லாம் அடுக்கி, நனைத்த கோணிகளால் மூடியிருந்த அப்பாவு, பொழுது புலர நெடுநேரம் இருக்கையிலேயே அக்கோணிகளை மயிரிழை மயிரிழையாய் விலக்கலானான். சாம்பல் வெளுத்தது, பெயரற்ற நிறம் வந்து மறைந்தது, சிவப்பு எழுந்தது, கரும்புக்காட்டுப் பனி அச்சிவப்பை ஏந்தி ஊரெங்கும் பரப்பிற்று. சேவல்கள் கூவின, தொலைவிலுள்ள வக்குவா ஊர்ச் சேவல்களும் அவற்றுக்கு மறுமொழி கூறினவாம். கூத்தர் விரைந்து மங்கலம் பாடினர். மக்கள் சோம்பல் முறித்து எழுந்து, பாய்களைச் சுருட்டி நடந்தனர்.

தைலம்மையும் எழுந்தாள். "இன்னும் ஏன் நிற்கிறீர்? விடிந்துவிட்டது. களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடும்."

அது தான் ஏற்றிய விடியல் என்று சொல்லியிருக்கலாம். "நீ முன்னே போ, வருகிறேன்" என்றான்.

உற்ற மனைவியும் அறியாதபடி ஒரு விடியலைச் செய்தவன், உலகில் எவனுக்கும் கிட்டாத வெற்றியை எய்தியவன், அந்த வெற்று மைதானத்தில் வேண்டி நின்றது ஒன்றே: எங்கேனும் ஒருவர் இருளிலிருந்து, "சிவப்பு சற்று மிகுதி, அப்பாவு" என்று சொல்லமாட்டாரா? பாராட்டுவார் இல்லாத குறையை மாந்தர் எப்படியோ பொறுத்துக்கொள்வர், நண்பரே. பிழை காட்டத் தெரிந்த ஒருவரை இழந்த குறைக்கு மாற்றில்லை. விளக்கை அணைத்தால் நடப்பவர் வழி தடுமாறுவர் என்று, மெய்யான கதிரவன் எழும்வரை திரிகளைத் தூண்டியபடியே அவன் நின்றிருந்தான்.