மூன்று தடவை

தகர டப்பா செய்யும் எங்கள் தொழிற்சாலையில் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'மூணு தடவை'. எதையும் மூன்று தடவை சொன்னால்தான் என் காதில் ஏறும் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் தகரம் அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனுக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். ஆனால் செவிடு என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷினை ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் எங்கள் அப்பாவின் கடைசிக் காலத்து முகம் தெரிந்தது. கழற்றி பீரோவுக்குள் வைத்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வாள். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு தடவை, அது அலுவலக விதி.

"ஊர் சனத்துக்கெல்லாம் ரெண்டு தடவை போதும். உங்களுக்கு மட்டும் மூணு" என்று சிரிப்பாள்.

வீட்டில் ஏது மைக்? 'குளிச்சாச்சா' என்று கேட்பதற்குக்கூட அவள் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். நான் திரும்பாமலே "என்ன?" என்பேன். அந்த 'என்ன'வை எத்தனை அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வருஷம் அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. எனக்கா தெரியும்? வண்டி எண் புரியவில்லை என்று பயணிகள் புகார் எழுதிப் போட்டு, மேலாளர் அவளைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியும். இரண்டு மாதத்தில் குரல் சரியாகி டாக்டர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மைக் வேறொருவருக்கு. அவள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், இருமல் மிட்டாய் சப்பினாள், நிமிஷத்துக்கு ஒரு தரம் தொண்டையைக் கனைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. தொண்டை டாக்டரிடம் போனோம். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் என்ன செய்ய, எனக்கு எதுவும் கேட்கப் போவதில்லை.

அரை மணி கழித்து வெளியே வந்தவள், புதுசாக வாங்கிய நோட்டில் எழுதிக் காட்டினாள். 'செருப்பு கடிச்ச இடத்துல காய்ப்பு வருமே, அந்த மாதிரி குரல் நாண்ல ரெண்டு வந்திருக்கு. நாலு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதாம். கனைக்கத் தோணினா ஒரு மடக்குத் தண்ணி குடிக்கணும். ஒழுங்கா இருந்தா குரல் வந்துடும்.'

ஒழுங்காகத்தான் இருந்தாள். பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஆவி பிடித்தாள். தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு அலைந்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்பதான்யா வீடு நிம்மதியா இருக்கு" என்று நான் தொழிற்சாலையில் பீற்றிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் இருவரும் மளிகை வாங்கப் போனோம். அவள் கடை வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் நடந்து, தெருவின் நடுவில் நின்று சட்டைப்பையில் எதையோ தேடினேன். திடீரென்று யாரோ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. இழுத்தவர் மூட்டை தூக்குபவர். என் காதுக்குள்ளேயே கத்தினார்.

"அந்தம்மா தொண்டை கிழிய மூணு தடவை கத்துது. காதுல என்ன பஞ்சா அடைச்சு வெச்சிருக்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். பை கீழே கிடந்தது. அவள் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வாய் அசைந்தது. "என்ன?" என்றேன், பழக்கதோஷம். அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகு அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

கத்திய வேகத்தில் நாணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். புண் ஆறி, ஆறிய இடம் தழும்பாக இறுகிவிட்டது. ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். இப்போது அவளுக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை. யாரோ விட்டுப்போன குடைகளுக்கும் பைகளுக்கும் சீட்டு ஒட்டுகிறாள். அங்கே பேச வேண்டியதில்லை.

போன வாரம் அந்த மாற்றல் உத்தரவை வைப்பதற்காக அவள் மருத்துவக் கோப்பைத் திறந்தேன். முதல் நாள் டாக்டர் நிரப்பச் சொன்ன படிவம் மேலேயே இருந்தது. புகைப் பழக்கம் உண்டா, இல்லை. நெஞ்செரிச்சல் உண்டா, இல்லை. வீட்டில் காது மந்தமானவர் யாராவது இருக்கிறார்களா? அதற்கும் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில், இல்லை.

நான் நேராக பீரோவுக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு மாட்டிக்கொண்டேன். மின்விசிறி கிறீச்சிட்டது. குழாய் சொட்டியது. சமையலறையிலிருந்து வரும் அவள் காலடிச் சத்தம்கூடக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்பப் பேசும்மா. மெதுவாப் பேசினாக்கூடக் கேக்கும்."

அவள் என் காதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. மூடிக்கொண்டாள்.

படிவத்தை நீட்டி, "ஏன் இல்லைன்னு எழுதின?" என்று கேட்டேன்.

நோட்டை எடுத்து மேஜையில் வைத்து எழுதினாள். பென்சில் தாளில் உரசும் சத்தம் ஒவ்வொரு எழுத்துக்கும் தெளிவாகக் கேட்டது. எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'சொன்னா உங்களுக்குக் கோபம் வரும்.'

ஒரே தடவையில் புரிந்தது.