கண்ணாடி விழாத படம்

பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வேறு வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம்; இவனுக்கு அந்த வழியும் அடைப்பு. இந்த லட்சணத்தில் பல்லின் வேரை எப்படிக் குடைவது என்று விளக்கும் படத்தை டாக்டரம்மா கூடத்து டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "இதோ ஒரு ஃபோன் பேசிட்டு வரேன்" என்று வெளியே போனவர்கள் போனவர்கள்தான்.

டோக்கனம்மாதான் யோசனை சொன்னாள். வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும் ஆளைக் கூப்பிடுவதும் அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். "டாக்டர், எங்க வீட்டுக்காரர் எடுக்கிற போட்டோவைப் போட்டுப் பாருங்களேன். கொஞ்ச நேரமாவது வலியை மறப்பாங்க."

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் வாரக்கணக்கில் தலைகாட்ட மாட்டார். ஃபோனில் பேசச் சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல ஒரு 'ம்', ஒரு 'சரி' என்று முடித்துக்கொள்வார். தானாக ஒரு நாளும் கூப்பிட மாட்டார். ஆனால் லாரியை ஓரங்கட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு போட்டோ எடுத்துவிடுவார். உப்பு பூத்துக் கிடக்கும் வெட்டவெளி, மூடுபனியில் பாதி காணாமல் போன பாலம், மழையை இழுத்துக்கொண்டு வரும் மேகம். அவர் போடுகிற கடிதம் அதுதான். போட்டோ வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டில் நாத்தனார் தினமும் கேட்பது ஒரே கேள்விதான். "வானம் வந்துச்சாடி?" போட்டோவுக்கு அவள் வைத்த பெயர் அது. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். சோபா உறை தைக்கிற கடையில் வேலை. 'வந்துச்சு அண்ணி' என்ற பதில் கிடைத்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பாள்.

சிக்னல் கிடைத்ததும் அவர் எடுத்த படம் தானாகவே குடும்ப ஆல்பத்துக்குப் போய்ச் சேரும். அங்கே சேர்ந்ததெல்லாம் உடனே கிளினிக் டிவியிலும் வரும்படி கம்ப்யூட்டர் கடைக்காரர் செய்து கொடுத்தார். அவ்வளவுதான், கூடமே மாறிப்போயிற்று. கன்னம் வீங்கினவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு, "ஆஹா, இது எந்த இடம்?" என்று கேட்டார்கள். டோக்கனம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வாசல் தாண்டாதவள்; ஆனால் உலகமே தன் மேசைக்கு எதிரே வந்து தொங்குகிறதே!

நல்லதைப் பார்த்தால் நொட்டை சொல்லாமல் இருக்க முடியுமா மனிதனால்? வேர் சிகிச்சைக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த வீட்டு புரோக்கர் ஒருநாள் ஆரம்பித்தார். "படமெல்லாம் பிரமாதம்மா. ஆனா எல்லாத்துலயும் ஓரத்துல அந்த லாரிக் கண்ணாடி வந்து மறைக்குதே? அப்புறம், மேகம் மேகமா எத்தனை நாள் பாக்குறது? இடி மின்னல்னு ஏதாவது வந்தா ஜோரா இருக்கும்."

அவர் சொன்னது நிஜம்தான். சீட்டை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே எடுப்பார். எந்தப் படத்திலும் பக்கக் கண்ணாடியின் ஒரு முனை விழுந்திருக்கும். இதுவரை டோக்கனம்மாவின் கண்ணில் படாத அந்தக் கண்ணாடி, அன்றிலிருந்து படாத நேரமில்லை. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி அனுப்பினாள்.

"ஏங்க, மின்னல் ஒண்ணு பிடிச்சு அனுப்புங்களேன். அந்தக் கண்ணாடி வேற எல்லாத்துலயும் வந்து விழுது. இறங்கி நின்னு எடுங்க, காலு தேஞ்சா போயிடும்?"

"சரிங்க முதலாளி" என்று பதில் வந்தது. அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு வானம் வரவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மலைப்பக்கம் பேய்மழை என்று செய்தி வந்தது. லாரி ஓனர் தைரியம் சொன்னார். "மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருக்கும்மா. அந்தப் பக்கம் சுத்தமா சிக்னல் இல்ல. வண்டியெல்லாம் வரிசையா நிக்குதாம். நம்ம வண்டியும் அதுலதான் இருக்கும்." டோக்கனம்மா நாத்தனாரிடம் அதையே இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னாள். நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள். "வானம் வரட்டும்டி. அப்புறம் சாப்பிடுறேன்." பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள், பிடிவாதக்காரி.

டோக்கனம்மா லீவு போடவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வாள்? டிவியில் பழைய படங்களே சுற்றிச் சுற்றி வந்தன. பார்க்கப் பார்க்க நெஞ்சு வெந்தது. ஆனாலும் அணைக்க மனமில்லை. புதிது ஏதாவது வந்தால் அதில்தானே வரும்!

ஒருநாள் காலை, கூடம் நிறைய ஆள் இருந்த நேரத்தில், டிவியில் பார்த்திராத ஒரு படம் வந்தது. மலைப்பாதை வளைவு, அதன் மேல் கருத்துப் போன வானம். ஓரத்தில் கண்ணாடி. டோக்கனம்மா எழுந்து நின்றாள். அடுத்து இன்னொன்று, பள்ளத்தாக்கை மறைத்துத் தொங்கும் மழை. கையிலிருந்த டோக்கன்களெல்லாம் கீழே சிதறின.

"வந்துடுச்சு! டாக்டர், வானம் வந்துடுச்சு! ஐயோ, எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு!"

டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார். விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல, கூடமே கைதட்டியது. டோக்கனம்மா நாத்தனாருக்கு ஃபோன் போட்டு, "அண்ணி, வந்துச்சு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. "இதோ வரேன். என் கண்ணால பாக்கணும்டி."

அப்போதுதான் மூன்றாவது படம் வந்தது. மின்னல். வானத்தை மேலிருந்து கீழே இரண்டாகக் கிழித்துக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதையும் வெள்ளையாக்கிய மின்னல். புரோக்கர் எழுந்தே விட்டார். "அடேங்கப்பா! படம்னா இது படம்!" அதில் கண்ணாடி இல்லை.

டோக்கனம்மாவின் கையில் ஃபோன் அடித்தது. அவர் நம்பர். ஒரு நாளும் கூப்பிடாத மனிதர்! சந்தோஷம் தாங்காமல் எடுத்த எடுப்பில் திட்டினாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"வணக்கம்மா. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேன்" என்றது வேறொரு குரல். "இந்த ஃபோன்ல கடைசியாப் பேசின நம்பர் 'முதலாளி'ன்னு இருக்கு. லாரி உங்களோடதுங்களா?"

அவளுக்கு நாக்கு புரளவில்லை. அந்தப் பக்கம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க, ஒரு கீறல்கூட இல்ல. டிரைவர்தான் எதுக்கோ கீழ இறங்கி ரோட்டோரம் நின்னிருக்காரு. அந்த இடம் அப்படியே சரிஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் உடம்பு கிடைச்சுது. ஃபோனைக் கவர்ல சுத்தி சட்டைப் பையில வெச்சிருந்தாரு, சார்ஜ் போட்டதும் உயிர் வந்துடுச்சு. அவர் வீட்டுல யார் இருக்காங்கன்னு பாத்து, கொஞ்சம் பக்குவமா சொல்லிடுங்கம்மா."

சொல்லிவிடுகிறேன் என்றாள். அது தன் குரல்தானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இறங்கி நின்னு எடுங்க, காலு தேஞ்சா போயிடும்? பாவி, பாவி என்று உள்ளே அடித்துக்கொண்டது. உட்கார்ந்தே இருந்திருந்தால், பொல்லாத ஒரு கண்ணாடி ஓரத்தில் விழுந்த படத்தோடு வீடு வந்து சேர்ந்திருப்பார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். தைத்துக்கொண்டிருந்த ஊசி நூலோடு ரவிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் சாப்பாட்டு டப்பா. நேராகப் போய் டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். மின்னல் சுற்றி வரும்வரை கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இதுல கண்ணாடியைக் காணோமே? இறங்கியாடி எடுத்தான், இந்த மழையில?"

"ஆமா அண்ணி."

"எதுக்கு இறங்கினான், பைத்தியக்காரன்?"

"நான்தான் இறங்கச் சொன்னேன் அண்ணி."

"நீ சொன்னா உடனே இறங்கிடுறதா? வரட்டும், காதைத் திருகுறேன்." இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். "வானம்தான் வந்துடுச்சே, இனிமே சாப்பிடலாம். பசி உயிர் போகுதுடி."

டாக்டரம்மா டோக்கனம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கண்ணாலேயே கேட்டார். நாத்தனார் படத்தைப் பார்த்தபடி அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று டோக்கனம்மா பக்கத்தில் நின்றாள்.