அரை சென்டிமீட்டர்

லேசரைச் சுடுமுன் அறைக்குள் யாரும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். விடுமுறை நாள், ஆய்வகத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. இருந்தாலும் மூலைமூலையாகப் போய், "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டே வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

பொத்தானை அழுத்தினாள். லேசர் பட்ட மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து புரோட்டான் துகள்கள் பாய்ந்தன. எப்போதும் விசிறிபோல் விரிந்து சிதறுபவற்றைக் காந்தங்கள் முதல்முறையாக ஒரே கற்றையாகத் திரட்டியிருந்தன. மகிழ்ச்சியைப் பகிர ஆள் இல்லை. அக்காவைப் போனில் அழைத்தாள்.

அக்காவுக்குத் தலைக்குள் கட்டி. கத்தி படாமல் கற்றையாலேயே கட்டியை எரிக்கப்போகும் தங்கையின் மிஷினை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இன்னைக்குக் கற்றை சிதறாம நின்னுச்சு."

"அடிப்பாவி, அப்ப என் மண்டைக்கு எப்ப குறி வைக்கப்போற? டாக்டர் கத்தியத் தீட்டிட்டு நிக்கிறாரு."

'சீக்கிரமே' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"தண்ணியில அரை சென்டிமீட்டர்தான் போகுதுக்கா, உடம்புக்குள்ளயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் போகும். உன் கட்டி ரொம்ப ஆழத்துல இருக்கு. இது தயாராக இன்னும் பல வருஷம் ஆகும். நீ காத்திருக்காத."



"சரிடி," என்றாள் அக்கா. "நாளைக்கே டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிடுறேன்."

அதற்குமேல் பேச எதுவும் இல்லை. ஆனாலும் இருவருமே போனை வைக்கவில்லை.