காதுவரை இழுத்துவிட்ட தொப்பி

"குறிக்கோள்னா அளந்து பாக்கற மாதிரி இருக்கணும், டோருன்" என்றான் ஐரிக்.

ஐரிக் நார்வேயில் உள்ள எங்கள் பள்ளியின் தலைமையாசிரியன்; இங்கே பெரியவர், சிறியவர் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆசிரியரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, காப்பி ஊற்றிக் கொடுத்து, வகுப்பறைக் கருவிகளை இந்த வருடம் எப்படி இன்னும் நன்றாகப் பயன்படுத்தப் போகிறாய் என்று கேட்பான். குறிக்கோளை நாமே சொல்ல வேண்டும், அவன் எடுத்துக் கொடுக்க மாட்டான். அதுதான் இதில் உள்ள தொல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை பென்ட்டெ, பெரிய திரையில் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நான் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் கருவிகளுக்கும் ஆகாது. திரையைப் போட்டால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் வராது. பிள்ளைகள் எழுந்து வந்து சரிசெய்துவிட்டு, ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இடத்துக்குப் போவார்கள். எனக்கு அதில் வெட்கமே விட்டுப்போயிற்று. ஆனால் ஒரே ஒரு கருவி மட்டும் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது ஜன்னலோரத்து மேசையில் இருந்தது.

தலையும் தோளும் மட்டும் உள்ள வெள்ளை ரோபோ. உட்கார்ந்திருக்கும் பூனை அளவு. இல்வா வீட்டில் இருந்தபடி அதன் வழியாக எங்களைப் பார்ப்பாள், கேட்பாள், பேசுவாள். இல்வாவுக்குப் பத்து வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒருவர் தும்மினால்கூட அவளுக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் இணைந்தால் ரோபோவின் தலை நிமிரும், உச்சியில் விளக்கு எரியும். அவள் கை தூக்கினால் அந்த விளக்கு மினுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும், புதன்கிழமை தவிர, தினமும் வந்தாள். மினுக்கினாள், பதில் சொன்னாள், பக்கத்து மேசை வில்டெயோடு கிசுகிசுத்து என்னிடம் திட்டும் வாங்கினாள். செப்டம்பர் பிறந்ததும் விளக்கு எரியும், ஆனால் மினுக்காது. பிறகு எரிவதும் நின்றுபோயிற்று. ரோபோ தலையைத் தொங்கப்போட்டபடி நாள் முழுக்க அங்கேயே கிடந்தது. பாடம் நடத்தும்போது என் கண் தானாக அங்கே போய் நிற்கும், சொல்ல வந்தது பாதியில் மறந்துவிடும்.

"இல்வா மறுபடி வந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசணும். அதான் என் குறிக்கோள். இதை அளந்துக்கோ" என்றேன் ஐரிக்கிடம்.

அவன் சிரிக்கவில்லை. சங்கடத்தோடு விஷயத்துக்கு வந்தான். நகராட்சியிடம் இருப்பதே சில ரோபோக்கள்தான். இன்னொரு பள்ளியில், முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பிள்ளை காத்திருக்கிறது. இலையுதிர் விடுமுறைக்குள் இல்வா இணையவில்லை என்றால் இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. ரோபோ போனால் மேசை போகும். மேசை போனால், பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் அப்படித்தான்.

அன்று மாலை இல்வாவின் அம்மா ஹேகெவுக்கு ஃபோன் போட்டேன். மருந்தின் களைப்பு இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை என்றாள். புதன்கிழமைதான் காரணம் என்றாள்.

புதன்கிழமை எங்கள் வகுப்பு காட்டுக்குப் போகும் நாள். மழையோ பனியோ அதில் மாற்றம் கிடையாது. அங்கே ஏரிக்கரையில் தீ மூட்டி, குச்சியில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் செருகிச் சுட்டுத் தின்றுவிட்டு வருவோம். ரோபோ கட்டடத்துக்குள் இருக்க வேண்டிய பொருள் என்று நானே முடிவு செய்து, அதை வகுப்பில் விட்டுவிட்டுப் போவேன். ஒரு புதன்கிழமை இல்வா இணைந்திருக்கிறாள். தரை கூட்டுவதற்காக மேசைகள்மேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"யாராச்சும் வருவாங்கன்னு மத்தியானம் வரைக்கும் பாத்துட்டே இருந்தா" என்றாள் ஹேகெ. "அப்புறம் மூடி வெச்சவதான். நான் அவகிட்ட என்ன சொல்றது, டோருன்?"

என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வரும் புதன்கிழமை அவளையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளிடம் சொல் என்றேன். சொல்கிறேன், ஆனால் ஆசையை வளர்த்துக்கொள்ளாதே என்றாள் ஹேகெ.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் ஃபோனிலிருந்து ரோபோவுக்கு இணையம் கொடுப்பது எப்படி என்று பென்ட்டெ சொல்லித் தந்தாள். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள். இதுக்கு மேல மெதுவா சொன்னா எனக்கே தூக்கம் வந்துடும் என்று அலுத்துக்கொண்டாள். ஆசிரியர் அறையில் முயன்று பார்த்தபோது ரோபோ காது கிழிய ஒரு ஊளை விட்டது. எல்லோரும் காப்பியோடு திரும்பிப் பார்த்தார்கள். நான் பதறிப்போய் அதன் முதுகில் இருந்த பொத்தானை அமுக்கி அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தேன்.

பிறகு, குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எங்கோ படித்தேன். நார்வேக்காரியிடம் குளிர் என்று சொன்னால் போதும், கை தானாகப் பின்னல் ஊசியைத் தேடும். நல்ல கனத்த கம்பளியில் சிவப்புத் தொப்பி ஒன்று பின்னினேன். பாதி பயத்தில் பின்னியது என்றுதான் சொல்ல வேண்டும், கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போயிற்று.

புதன்கிழமை காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பிள்ளைகள் கம்பளிக் காலுறை, கையுறை, உட்காரும் பாய், ரொட்டிப் பொட்டலம் என்று நடைவழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ரோபோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு எரியவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பூட்ஸ் கயிறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அப்போதும் எரியவில்லை. வகுப்பை இதற்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

வெளியே போகுமுன் வரிசையாக ஒவ்வொரு பிள்ளையின் தொப்பியையும் காதுவரை இழுத்துவிடுவது என் வழக்கம். முப்பது வருடப் பழக்கம். கடைசியாக ரோபோ. அதற்கும் தொப்பியை மாட்டி, காதுவரை இழுத்துவிட்டேன். அதற்குக் காது இல்லை, கைக்கு அது தெரியவில்லை. ஃபோனில் இணையத்தைப் போட்டுவிட்டு, ரோபோவைக் கைக்குழந்தையைப் போல மார்போடு கட்டிக்கொண்டு, ஓடையைத் தாண்டி ஏரிவரை நடந்தேன்.

ஏரிக்கரையில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. வில்டெ தன் பாயை அதன்மேல் விரித்து, ரோபோவைத் தண்ணீர் பார்க்க உட்கார வைத்தாள். பாய் இல்லாமல் அவள் ஈரப்பாசியில் உட்கார்ந்தாள். பேசாமல் விட்டுவிட்டேன்.

"டோருன், தொப்பி ஆடிச்சு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

காற்று என்றேன். உண்மையில் காற்று அவ்வளவு இல்லை. கிட்டே போய்த் தொப்பியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. எரியாத விளக்கை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. விறகை நிமிர்த்தினேன், கருகின குழல்களைத் திருப்பினேன், சண்டை போட்ட இரண்டு பேரை விலக்கினேன். ரோபோ இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே எல்லா வேலையும் செய்தேன்.

பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடப் போனதும், தன் வகுப்போடு வந்திருந்த பென்ட்டெ காப்பியோடு வந்து கட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். வந்தாளா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையை என் தோளில் வைத்தாள். அதோடு அடக்கி வைத்திருந்த எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"குடுத்துடலாம், பென்ட்டெ. அந்த இன்னொரு பிள்ளையாவது உபயோகப்படுத்தட்டும். தினம் அந்தக் காலி நாற்காலியப் பாக்க என்னால முடியல."

அவள் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் திணித்தாள். தின்றேன், ருசியே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் பிள்ளைகள் ஈரத்துணிகளை உலர்த்தும் அலமாரியில் மாட்டுவதற்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்புக்குள் போய், கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே ரோபோவை அதன் மேசையில் வைத்தேன். தொப்பியைக் கழற்றினேன்.

விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

தலை நிமிர்ந்து, அந்தக் கறுப்புக் கண்கள் நேராக என்னைப் பார்த்தன. எப்போது வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி அந்த மரக்கட்டை ஞாபகம் வந்தது, பென்ட்டெ ஞாபகம் வந்தாள், நான் பேசியது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. கம்பளி கண்ணை மறைக்கும், விளக்கை மறைக்கும். காதை மறைக்குமா? பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன். ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கும்.

அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. நான் குறைத்த சத்தத்தைத் திரும்ப ஏற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அமுக்கினேன். எங்கிருந்தோ வருவதுபோல ஒரு குரல் பாதியில் தொடங்கிப் பெரிதாயிற்று.

"...தூக்கிட்டே இருக்கேன். ஓடையைத் தாண்டறப்போ தூக்கின கை. எனக்கு ஏரியும் தெரியல, ஒண்ணும் தெரியல, டோருன். எல்லாம் ஒரே சிவப்பு."

வாசலில் பிள்ளைகள் ஒற்றைக் காலுறையோடு நின்றார்கள். மன்னித்துக்கொள் என்றேன். என் தொப்பிதான், நான்தான் இழுத்துவிட்டேன் என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்வா, நான் பென்ட்டெகிட்ட சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

விளக்கு மினுக்குவது நின்று, நிலையாக எரிந்தது. இதோ போய்விடுவாள், இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன். கையிலிருந்த தொப்பியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"கேட்டுச்சு" என்றாள் கடைசியில். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது, ஆனால் கோபம்தான் அதிகம். "அந்தப் பிள்ளைக்கு வேற ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லு. இது காலி நாற்காலி இல்ல. நான் உக்காந்திருக்கேன்."

அவள் மேசைமேல் கவிழ்ந்திருந்த நாற்காலியைத் தூக்கித் தரையில் இறக்கி, இழுத்துச் சரியாகப் போட்டேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே போட்டேன்.

"நான் இன்னும் ஏரியப் பாக்கல" என்றாள் இல்வா.

பேட்டரியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பள்ளி விடும் நேரமும் நெருங்கிவிட்டது. ஐரிக்கிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வில்டெ நடைவழியில் உட்கார்ந்து ஈர பூட்ஸை மறுபடி மாட்டத் தொடங்கியிருந்தாள். நான் தொப்பியைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு, ரோபோவை வெறுந்தலையோடு தூக்கிக்கொண்டேன்.