மாமனார் வாய் திறந்தார்

கனயோக் கட்டிய பனிவீடு விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் அவன் கட்டி முடிப்பதற்குள் கோடையே வந்துவிடும் என்று அவன் மாமனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மனிதர் போன வருஷம் கண்ணை மூடினார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மகள் உலுரியாக்குக்கே, அதாவது கனயோக்கின் மனைவிக்கே, பிள்ளையாகத் திரும்பி வந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் அவருடையது, அவர்கள் வழக்கத்தில் பெயர் யாருடையதோ ஆளும் அவரேதான். உலுரியாக் குழந்தையை "அப்பா" என்பாள், கனயோக் "மாமா" என்பான். தொட்டிலில் கிடந்தாலும் மாமனார் மாமனார்தானே.

அன்று உறைந்த கடல்மேல் வீடு திரும்பும்போது பனிப்பிளவு ஒன்றில் உலுரியாக் தோள்வரை மூழ்கி எழுந்தாள். குழந்தையை நனையாமல் தூக்கிப் பிடித்துவிட்டாள். காற்று வேறு கிளம்பியது, இனி வீடுவரை போக முடியாது. உலுரியாக்கின் அண்ணன் தூலுகாக் குழந்தையைத் தன் தோல்சட்டைக்குள் வாங்கிக்கொண்டான். உள்ளேயிருந்து ஒரே அழுகை.

"மச்சான், அப்பா உன்னைத்தான் திட்டுறாரு. சீக்கிரம் கட்டுவியாம்."

"காதுல விழுது. கை ரெண்டுதானே இருக்கு, மாமாகிட்ட சொல்லு."

கனயோக் கத்தியால் பனியைக் கட்டி கட்டியாக அறுத்தான். உள்ளே நின்றபடி வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உள்பக்கம் சாய்த்து, தலைக்குமேல் கடைசிக் கட்டியைச் செருகினான். அடியில் வாசல் வெட்டி, உச்சியில் மூச்சுக்கு ஒரு துளை விட்டான். அவன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாகக் கட்டியதில்லை. அந்த வேகத்தில் படுக்கை மேடையை விட்டுவிட்டான். ஒரு ராத்திரிதானே என்று தரையிலேயே தோலை விரித்து, வாசல் மட்டத்தில் எல்லாரையும் படுக்க வைத்தான்.

ஈர உடையைக் களைந்துவிட்டு உலுரியாக் பிள்ளையை மார்போடு அணைத்துத் தோல்களுக்குள் சுருண்டாள். சீல் கொழுப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

"பாத்தியா, மாமாவுக்கு வீடு பிடிச்சுப்போச்சு" என்றான் கனயோக். பெருமை தாங்கவில்லை.

"பிடிக்கல. கால் ஜில்லுனு இருக்கு. அழறதுக்குத் தெம்பில்ல இவருக்கு. எனக்கே உடம்புல சூடு இல்லையே, எப்படிக் குடுப்பேன்?" அவள் பல் கிட்டியது.

கனயோக் பிள்ளையின் காலைத் தொட்டான். விளக்கைப் பார்த்தான். சுடர் வாசலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, வாசல் வழியே குளிர் தரையோடு தரையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. குளிர் நாய் மாதிரி, கீழே படுக்க ஒரு பள்ளம் கொடுத்தால் மேலே ஏறாது என்பார்கள். பள்ளம் கொடுக்காதவன் பக்கத்தில்தான் அது வந்து படுக்கும்.

"தூலுகாக், மாமாவை உன் நெஞ்சுல போட்டுக்கோ. அசையாதே."

வெளியே காற்று அவனைத் தள்ளியது. கட்டிகளை அறுத்து வாசல் வழியாக உள்ளே உருட்டினான். வாசலின் உச்சிக்கும் மேலே ஒரு மேடை எழுப்பினான், கீழே மிஞ்சிய தரை குளிருக்குப் பள்ளமாயிற்று. தோல்களை அதில் விரித்து உலுரியாக்கையும் தூலுகாக்கையும் ஏற்றினான், விளக்கையும் மேலே கொண்டுபோனான். சுடர் நிமிர்ந்து நின்றது.

பிறகு அந்த அதிசயம் நடந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அதிசயம்தான். வெறும் பனி, உள்ளே ஒரு சின்னச் சுடர், நாலு பேர் மூச்சு. வெம்மை மேலே போய்க் கூரையில் தங்கியது. சுவர் லேசாக வியர்த்து, வெளிக்குளிரில் மறுபடி உறைந்து, இடுக்கெல்லாம் அடைபட்டது. புயல் தலைக்குமேல் கத்திக்கொண்டிருக்க, கனயோக் சட்டையைக் கழற்றினான். உலுரியாக்கின் நடுக்கம் நின்றது. பிள்ளையைக் கேட்டு வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

மூவரும் அந்தச் சின்ன முகத்தையே பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. கனயோக் அதன் பாதத்தைக் கைக்குள் வைத்துத் தேய்த்தபடியே இருந்தான். விரல் ஒன்று மடங்கியது. பிறகு வாய் கோணி, முகம் சிவந்து, வீடே அதிர ஒரு கூச்சல்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் உலுரியாக், அழுதுகொண்டே.

கனயோக் அந்தப் பாதத்தில் முகத்தைப் புதைத்தான்.

"திட்டுங்க மாமா" என்றான். "நல்லாத் திட்டுங்க."