ஐந்தாவது மஞ்சள் அட்டை

முப்பத்துநான்கு வயதில் எலோய் லார்ரேயாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. கால்கள் ஓய்வதற்குள் ஒருமுறையாவது தன் அணியோடு மேல் பிரிவுக்கு ஏற வேண்டும். அதுவும் மைதானத்துக்குள் நின்று, வியர்வையும் புல்லுமாக.

இறங்கிய அனுபவம் அவனுக்கு ஏராளம்.

பன்னிரண்டு வயதில் மாட்ரிட்டின் பெரிய கிளப் ஒன்று அவனை அள்ளிக்கொண்டு போனது. பத்தொன்பது வயதில் முதல் பிரிவில் அரங்கேற்றம். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் உள்ளே விட்டார்கள். பந்து இரண்டு தடவை காலில் பட்டது. அதில் ஒன்று எதிரணிக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம், அவனை இறக்கிய பயிற்சியாளரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் எலோயின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் அவனை இரண்டாம் பிரிவு அணி ஒன்றுக்கு இரவல் கொடுத்தாயிற்று. அந்த அணி அந்த வருடமே கீழே இறங்கியது. அடுத்துப் போன அணியும் இறங்கியது. நடுவில் முழங்காலில் தசைநார் கிழிந்தது. சைப்ரஸ் தீவில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து வெயில் காய்ந்தான். திரும்பி வந்து மூன்றாம் பிரிவில் சேர்ந்தான். அங்கிருந்தும் அணியோடு சேர்ந்து இறக்கம். கடைசியில் வந்து நின்ற இடம் நான்காம் பிரிவில் ஆடும் வல்தேரோகா. மனைவி மைத்தே பிறந்த ஊர்.

நடுக்களத்தில், தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்பதுதான் அவன் வேலை. எதிராளி வேகமெடுக்கும்போது நைசாக ஒரு காலை நீட்டுவது, பந்தைப் பறித்துப் பக்கத்திலிருப்பவனிடம் கொடுப்பது. கோல் அடித்தவனை எல்லாரும் தோளில் தூக்கும்போது எலோய் பின்னால் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பான். ஆட்டம் முடிந்து யாரும் அவன் முன்னால் மைக்கை நீட்டியதில்லை.

"தாத்தா பஸ்ல ஏறிட்டாரா? அப்போ டயர் பஞ்சர்தான்," என்பான் கோல்கீப்பர். அணியிலேயே மூத்தவன் என்பதால் எலோய் ‘தாத்தா’. போன அணியெல்லாம் இறங்கியதால் ராசியில்லாத தாத்தா.

"வாய மூடுடா. உன் கை நழுவுறதுக்கும் என் ராசிக்கும் சம்பந்தமில்ல," என்பான் எலோய். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

அந்த வருடம் வல்தேரோகா யாரும் எதிர்பாராத விதமாக ஆடியது. லீக்கில் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே இரண்டாம் இடம் உறுதியாகிவிட்டது. அதன்பின் மேலே ஏறுவதற்கான மோதல், ஒரே அணியோடு இரண்டு ஆட்டங்கள். ஒன்று எதிரணியின் ஊரில், ஒன்று சொந்த ஊரில்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் ராமிரோ அவனைத் தனியே கூப்பிட்டார். அவரை எல்லாரும் ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எலோய், உன் பேர்ல நாலு மஞ்சள் இருக்கு."

"தெரியும், மிஸ்டர்."

"அஞ்சாவது விழுந்தா ஒரு ஆட்டம் உக்காரணும். அது ஏறுற ஆட்டத்துல விழுந்து தொலைச்சா நான் யாரை வெச்சு ஆடுறது? அந்தச் சின்னப்பய இசானையா? இந்த ஞாயித்துக்கிழமையே அஞ்சாவதை வாங்கிச் சுத்தம் பண்ணிடு. கடைசி லீக் ஆட்டத்துல வீட்ல உக்காரு. அப்புறம் ரெண்டு ஆட்டமும் நீதான்."

"சுத்தம் பண்ணிடறேன்."

"அசிங்கமா பண்ணாத. யாரையும் உதைக்காத."

"மிஸ்டர், இதுல எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நான் பொழைக்கிறதே இதுலதான்."

ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். எலோய் அதைக் கச்சிதமாகச் செய்தான். எதிரணிக்கு ஒரு ஃப்ரீகிக். பந்துக்கு நேர் எதிரில் போய்க் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தான். நடுவர் விசில் ஊதினார். எலோய் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மற்ற ஷூவின் லேஸை அவிழ்த்தான்.

"போறியா, இல்ல நான் வந்து கட்டிவிடவா?" என்றார் நடுவர்.

"ரெட்டை முடிச்சு போட்டுக்கறேன் சார், ஒரு நிமிஷம்."

அட்டை வெளியே வந்தது. ராமிரோ தலைகுனிந்து சிரிப்பை மறைத்தார். அது வேண்டுமென்றே வாங்கியது என்று கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், கேலரியில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவர்களுக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லாதவரை அது குற்றமில்லை. கேட்டால், ‘ஆட்டத்தோட சூட்டுல நடந்தது’ என்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் பந்து உதைக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு கார்னர் வந்தது. பந்து எங்கெங்கோ பட்டு, கூட்டத்துக்குள் நின்ற எலோயின் நெற்றிக்கு வந்தது. கோல். வல்தேரோகாவுக்காக அவன் அடித்த முதல் கோல்.

அன்றைய சிறந்த ஆட்டக்காரனுக்கு, கிளப் தலைவர் எவாரிஸ்தோ தன் தொழிற்சாலையில் உலர்த்திய பன்றித்தொடை ஒன்றைப் பரிசாகத் தருவது வழக்கம். உள்ளூர் வானொலியின் கோன்சால் முழுத்தொடையைத் தூக்கி எலோயின் கையில் கொடுத்து மைக்கை நீட்டினான்.

எலோய் தொடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டான். முகம் சிவந்திருந்தது. மைத்தே வீட்டில் வானொலியைப் போட்டிருப்பாள், மாமனார் தன் கிடங்கில் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதெல்லாம் மனதில் ஓடியது.

"எலோய், கோலும் அடிச்சீங்க, மஞ்சள் அட்டையும் வாங்கினீங்க. அந்த அட்டை ஆட்டத்தோட சூட்டுல வந்துதுதானே?"

நண்பனாகத்தான் கேட்டான் கோன்சால். பதிலையும் அவனே கேள்விக்குள் வைத்துக் கொடுத்திருந்தான். ஆமாம் என்று சொன்னால் போதும்.

"சூடாவது ஒண்ணாவது!" என்று சிரித்தான் எலோய். "ரெண்டு ஷூவுக்கும் லேஸ் கட்டினேன் பாத்தீங்கல்ல? கணக்குப் போட்டு வாங்கினது. எப்ப வாங்கணும், எந்த நடுவர்கிட்ட வாங்கணும்னு ஒரு கலை இருக்கு. பதினஞ்சு வருஷமா இதைத்தான் பண்றேன், ஒருத்தரும் கேட்டதில்ல. அடுத்த வாரம் வீட்ல உக்காந்து இந்தத் தொடையைச் சீவித் திம்பேன். ஏறுற ஆட்டத்துக்குச் சுத்தமா வருவேன்."

கோன்சால் அவசரமாக விளம்பரத்துக்குப் போனான். ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் சுரங்கப்பாதை வாசலில் நின்ற ராமிரோ கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பேச்சை யாரோ வெட்டி இணையத்தில் போட்டார்கள். மாலைக்குள் ஸ்பெயின் முழுக்கச் சிரித்தது. ‘லேஸ் கலைஞன்’ என்று பட்டம் வேறு. மோதலில் இவர்களுக்கு எதிராக ஆடப்போகும் அணியின் வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை. அதை அப்படியே கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை மதியம் தீர்ப்பு வந்தது. ஐந்தாவது அட்டைக்கு ஓர் ஆட்டம். வேண்டுமென்றே வாங்கியதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதற்கு மேலும் இரண்டு ஆட்டங்கள், அதாவது ஏறுவதற்கான அந்த இரண்டும்.

ராமிரோ போன் செய்தபோது எலோய் சமையலறையில் நின்றிருந்தான்.

"எத்தனை வருஷம்டா ஆடியிருக்க? மூணு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டா, அதைச் சொல்லக்கூடாதுன்னு!"

"மிஸ்டர், மேல்முறையீடு..."

"எதை வெச்சு? அது உன் குரல் இல்லைன்னு சொல்லியா?"

மேல்முறையீடும் செய்தார்கள். நகைச்சுவையாகச் சொன்னது என்று கிளப் எழுதிக் கொடுத்தது. இரண்டே நாளில் தள்ளுபடி ஆயிற்று. எவாரிஸ்தோ அவனைப் பார்த்தும் பார்க்காதவர் போல நடந்து போனார்.

"ஏன் சொன்ன?" என்று மைத்தே ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"ஒருத்தராவது என்னைக் கேட்டாங்களேன்னு இருந்துச்சு," என்றான்.

அவள் வெட்டிய தக்காளியை ரொட்டியில் தேய்த்து அவன் முன்னால் வைத்தாள். மேஜையில் மரத்தாங்கியில் மாட்டியிருந்த பன்றித்தொடையை இருவரும் தொடவில்லை.

எதிரணியின் ஊரில் நடந்த முதல் ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. எலோயின் இடத்தில் இருபத்தொரு வயது இசான் ஆடினான். பயந்து பயந்து ஆடினான் என்று பாரில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டபோது உள்ளுக்குள் ஓர் இனிப்பு பரவியதை எலோய் கவனித்தான். கவனிக்காத மாதிரி காபியைக் கலக்கினான்.

சொந்த ஊர் ஆட்டத்தன்று வல்தேரோகாவில் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. தண்டனை பெற்றவன் உடைமாற்றும் அறைப்பக்கமே போகக்கூடாது. எலோய் மைத்தேயோடு கேலரியில் உட்கார்ந்தான். சுற்றிலும் பழகிய முகங்கள். முதுகில் தட்டினார்கள்.

"இன்னிக்கு லேஸ் கட்டியாச்சா, எலோய்?"

"இன்னிக்கு லேஸ் இல்லாத செருப்பு," என்று காலைத் தூக்கிக் காட்டினான். சிரித்தார்கள்.

ஆட்டம் நகர்ந்தது. இசான் இன்று பயப்படவில்லை. எலோய் காலை நீட்டியிருக்கக்கூடிய இடங்களில் அவன் காலை நீட்டவேயில்லை. ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். எலோய் பின்னுக்குக் கொடுத்திருக்கும் பந்தை அவன் திரும்பி முன்னுக்குக் கொடுத்தான். சும்மா இருக்கமுடியாமல் எலோயின் வலது கால் இருக்கைக்கடியில் ஒவ்வொரு பந்துக்கும் அசைந்தது. பாதி ஆட்டத்துக்குமேல் அது நின்றுவிட்டது. அவனுக்குப் புரிந்துபோயிற்று. இந்த ஆட்டத்தில் தானிருந்தால் இப்படி இருந்திருக்காது. இதைவிட மெதுவாக, இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

எண்பதாவது நிமிடம் தாண்டியபோது எதிரணியின் பந்து ஒன்று கம்பத்தில் மோதித் திரும்பியது. கேலரி ‘ஐயோ’ என்று எழுந்தது. எலோயும் எழுந்தான். அந்த ஒரு நொடியில் பந்து உள்ளே போயிருக்கலாமே என்று தன் மனம் கேட்டதை அவன் கேட்டான். யாரோ பிடரியில் அறைந்த மாதிரி இருந்தது. சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நிமிடமே இசான் நடுக்களத்தில் பந்தைப் பறித்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் வருவதற்குள் தூரத்திலிருந்தே உதைத்தான். வலை புடைத்தது.

அதற்குப்பின் நடந்தது ஒரே கூச்சல். விசில் ஊதியதும் வேலியைத் தாண்டி ஊரே மைதானத்துக்குள் கொட்டியது. பின்வரிசையிலிருந்த கசாப்புக்கடைக்காரர் ஒருவர் பாய்ந்து வந்து எலோயைக் கட்டிப்பிடித்தார். கன்னத்தில் முத்தம் கொடுத்தார். வாயில் பீர் வாசனை.

"உன் வாய்க்குத் தங்கம் போடணும்டா! நீ மட்டும் அன்னிக்கு உளறாம இருந்திருந்தா இந்தப் பய ஆடியிருப்பானா? சொல்லு! ஆடியிருப்பானா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். பக்கத்திலிருந்த நாலைந்து பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "எலோய் வாய்க்கு ஓ!" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். எலோய் கையை உயர்த்தி ஆட்டினான்.

கீழே ராமிரோ அவனைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலியருகே வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"ஏறிட்டோம்டா, எலோய்!"

"வாழ்த்துகள், மிஸ்டர்."

ராமிரோ அவன் கழுத்தில் கைபோட்டு நெற்றியோடு நெற்றியை முட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் கொஞ்சம் ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போறியா?"

இந்த வாக்கியத்தை எலோய் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறான். சைப்ரஸில்கூட, மொழி புரியாமலேயே புரிந்தது.

"இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"

ராமிரோ தரையைப் பார்த்தார். "மேல போனதும் தலைவர் சின்னப் பசங்களா வேணும்னு சொல்றார். நான் கேட்டுப் பாத்தேன்."

"கேட்டீங்களா?"

"இல்ல," என்றார் ராமிரோ. "கேக்கல."

யாரோ அவரைப் பின்னாலிருந்து தூக்கினார்கள். தலைகளுக்கு மேலே மிதந்தபடி அவர் போய்விட்டார்.

கார் நிறுத்தத்துக்கு இருவரும் நடந்தார்கள். மைத்தேதான் ஓட்டினாள். பிரதான வீதியில் திரும்பியதும் கார் நின்றுவிட்டது. ஊர்ச்சதுக்கத்து நீரூற்றில் குதிப்பதற்காக மொத்தக் கூட்டமும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு காரையும் மறித்து, கூரையில் தட்டி, ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டே வழிவிட்டார்கள்.

"அப்பா கிடங்குல ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தார்," என்றாள் மைத்தே, முன்னால் பார்த்தபடி.

"ம்."

"கட்டாயமில்ல."

"வேற என்ன இருக்கு?"

முன்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. கைதட்டல். கார் நகர்ந்தது.

"மைத்தே, அந்தக் கம்பத்துல பட்ட பந்து உள்ள போகணும்னு நெனச்சேன்."

அவள் கியரை மாற்றினாள். கார் ஓரடி ஊர்ந்து நின்றது.

"தெரியும்," என்றாள். "நானும்தான்."

கண்ணாடியில் கைகள் விழத் தொடங்கின. கொடி போர்த்திய ஒருவன் குனிந்து உள்ளே பார்த்து, அடையாளம் தெரியாமல், பல்லைக் காட்டி, ஹாரனை அடி அடி என்று சைகை செய்தான்.

மைத்தே இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவதை அப்போதுதான் எலோய் பார்த்தான். அவள் பக்கமாகச் சாய்ந்து, கையை நீட்டி, அவனே ஹாரனை அழுத்தினான். கூட்டம் ஆர்ப்பரித்து வழிவிட்டது.